சொந்தத்தில் நிக்காஹ்: பேச்சு முடியும் முன் பேச வேண்டியவை

(காரைக்காலில் நமது அறக்கட்டளை நடத்திய பெற்றோர் கூட்டத்தில் ஆற்றிய உரை. பேசியபடியே பெரும்பாலும் தருகிறோம்.)





காது கேட்கும் கருவி வாங்க உதவி கேட்டு நம் பைத்துல்மாலுக்கு ஓர் இளம் தாய் மனு கொண்டு வந்தார். மடியில் இரண்டரை வயதுப் பெண் பிள்ளை. மனுவைப் படித்துவிட்டு, “இன்னும் கொஞ்சம் முன்னாலேயே காட்டியிருக்கலாமே” என்று கேட்டோம். அவர் பதில் சொல்லவில்லை, அழுதார். கூட வந்த அவருடைய உம்மாதான் சொன்னார். பிள்ளைக்குக் காது கேட்கவில்லை என்று தெரிந்த நாளிலிருந்து மாமியார் வீட்டுக்கு வரும்போதெல்லாம் ஒரே சொல்தானாம்: “எல்லாம் உங்க வீட்டு ரத்தம்.” அந்தச் சொல்லுக்குப் பயந்து ஒரு வருடம் டாக்டரிடமே போகாமல் இருந்திருக்கிறார்கள்.

மாமியார் யார் என்று விசாரித்தோம். அந்தப் பெண்ணின் வாப்பாவோடு கூடப் பிறந்த மாமி! உங்க வீட்டு ரத்தம் என்று அவர் சொன்னது, தாம் பிறந்து வளர்ந்த வீட்டைத்தான். சிரிக்க வேண்டிய இடம், ஆனால் அன்று அங்கே யாருக்கும் சிரிப்பு வரவில்லை.

ஒரு குணமோ குறையோ பெற்றோரிடமிருந்து பிள்ளைக்கு எப்படி வருகிறது, வந்தது எப்போது வெளியே தெரிகிறது, எப்போது தெரியாமல் உள்ளேயே இருக்கிறது என்பதைத்தான் இன்று பேசப் போகிறோம். சொந்தத்தில் சம்பந்தம் செய்யாதீர்கள் என்று சொல்ல நாம் இங்கே கூடவில்லை. இந்தக் கூட்டத்தில் பாதிப் பேர் மாமி மகனையோ மாமா மகளையோ முடித்தவர்கள். மேடையில் இருக்கும் நாமும் அப்படித்தான்.

முதலில் ஒரு ஹதீஸ். புகாரியிலும் முஸ்லிமிலும் வருவது. பனூ ஃபஸாரா கூட்டத்தைச் சேர்ந்த ஒரு கிராமவாசி நபி ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்களிடம் வந்து, தம் மனைவி கறுப்பு நிறத்தில் ஒரு மகனைப் பெற்றிருக்கிறாள் என்று முறையிட்டார். அவர் மனதில் என்ன இருந்தது என்பது உங்களுக்கே விளங்கும். பிள்ளை தன்னுடையதுதானா என்ற சந்தேகம். நபியவர்கள் அவரைக் கண்டிக்கவில்லை. உம்மிடம் ஒட்டகங்கள் உண்டா, அவை என்ன நிறம் என்று கேட்டார்கள். சிவப்பு என்றார். அவற்றில் சாம்பல் நிறத்தில் ஏதும் உண்டா என்று கேட்டார்கள். உண்டு என்றார். சிவப்பு ஒட்டகங்களுக்குள் அது எங்கிருந்து வந்தது என்று கேட்டபோது, பழைய வேர் ஏதாவது இழுத்திருக்கலாம் என்று அவரே பதில் சொன்னார். உம் மகனையும் அப்படியொரு வேர் இழுத்திருக்கலாம் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

அறிவியல் எல்லாம் நம் கிதாபுகளில் ஏற்கெனவே இருக்கிறது என்று பெருமை பேச இதைச் சொல்லவில்லை. அந்தப் பேச்சு நமக்கு வேண்டாம். அந்தத் தாய்மீது பழி விழாமல் நபியவர்கள் தடுத்தார்கள், அதுதான் நமக்கு முக்கியம். நிற வித்தியாசத்தை மட்டும் வைத்து ஒருவர் தம் பிள்ளையை மறுக்க முடியாது என்று ஃபிக்ஹு அறிஞர்கள் சட்டம் எடுத்ததும் இந்த ஹதீஸிலிருந்துதான்.

ஒட்டகம் வைத்திருந்தவருக்குத் தெரிந்த அந்த வேர் எப்படி வேலை செய்கிறது என்பதைக் கணக்குப் போட்டுக் காட்டியவர் கிரிகோர் மெண்டல். பட்டாணிச் செடிகளை வளர்த்துப் பார்த்து 1866இல் வெளியிட்டார். 1900 வரை உலகம் அதைக் கண்டுகொள்ளவில்லை. பத்தாம் வகுப்பில் ஓங்கு பண்பு, ஒடுங்கு பண்பு என்று நம் பிள்ளைகள் படிப்பது இதுதான்.

எளிமையாகச் சொன்னால், உடம்பின் ஒவ்வொரு வேலைக்கும் நமக்குள் ஒரு குறிப்பு எழுதப்பட்டிருக்கிறது. அதுதான் மரபணு. அநேகமாக ஒவ்வொரு குறிப்புக்கும் இரண்டு பிரதிகள் இருக்கும். ஒன்று வாப்பா கொடுத்தது, மற்றொன்று உம்மா கொடுத்தது. ஒரு பிரதியில் எழுத்துப் பிழை இருந்தாலும், மற்றது சரியாக இருந்தால் பல நேரங்களில் உடம்பு அதை வைத்துச் சமாளித்துக்கொள்ளும். பிழை வெளியே தெரியாது. அந்த ஆளுக்கு நோய் கிடையாது, மருந்து வேண்டாம், ஆயுள் குறையாது. அவர் வெறும் சுமப்பவர். இங்கே உட்கார்ந்திருக்கும் நாம் எல்லோருமே ஏதோ சில பிழைகளைச் சுமந்துகொண்டுதான் இருக்கிறோம். சுமக்காத மனிதர் இல்லை.

கணவன், மனைவி இருவரும் ஒரே குறிப்பில் பிழையைச் சுமப்பவர்களாக இருந்தால்தான் சிக்கல். அப்போது ஒவ்வொரு கர்ப்பத்திலும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு, பிள்ளைக்கு இரண்டு பிரதியும் பிழையாகவே போய்ச் சேரும். நான்கில் இரண்டு பங்கு, பெற்றோரைப் போலவே சுமப்பவராக இருக்கும். நான்கில் ஒரு பங்கு, இரண்டுமே நல்ல பிரதி.

இந்த நான்கில் ஒன்று என்பதை நம்மவர்கள் தப்பாக எடுத்துக்கொள்கிறார்கள். “முதல் பிள்ளைக்கு வந்துட்டுது, இனி மூணு பிள்ளைக்கு வராது” என்று நம்பி அடுத்த பிள்ளையைப் பெற்ற வீடுகளை நாம் பார்த்திருக்கிறோம். தாயக்கட்டைக்குப் போன ஆட்டத்தில் என்ன விழுந்தது என்று ஞாபகம் இருக்காது. ஒவ்வொரு கர்ப்பத்துக்கும் கணக்கு புதிதாகவே தொடங்கும்.

ஆக, இந்த வகைக் குறை எதுவாக இருந்தாலும் தாய் பாதி, தகப்பன் பாதி. ஒருவர் பக்கம் மட்டும் இருந்தால் அது வெளியே வந்தே இருக்காது. அந்த மாமியார் விஷயத்துக்கு வாருங்கள். அவருடைய வாப்பாவோ உம்மாவோ ஒரு பிழையைச் சுமந்திருக்கிறார். அது அவருக்கும் வந்தது, அவருடைய தம்பிக்கும் வந்தது. தம்பியிடமிருந்து மகளுக்கு, இவரிடமிருந்து மகனுக்கு. அந்த இரண்டு பேரும் சேர்ந்து பெற்ற பிள்ளையில் இரண்டும் சந்தித்தன. சொந்தத்தில் நடந்த நிக்காஹ்வில் பெரும்பாலும் இதுதான் நடந்திருக்கும். உங்க வீடு, எங்க வீடு என்று பிரிக்க அங்கே ஒன்றும் இல்லை.

எல்லா நோயும் இந்த வழியில் வருவதில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். ரத்தம் உறையாத ஹீமோஃபிலியாவும், ஆண் பிள்ளைகள் நடக்க முடியாமல் போகும் டுஷேன் தசை நோயும் தாய் வழியாக மகனுக்கு வருபவை. சொந்தத்தில் முடித்ததற்கும் இவற்றுக்கும் சம்பந்தமே இல்லை. டுஷேனில் மூன்றில் ஒரு பங்குப் பிள்ளைகளுக்குத் தாயிடம்கூட அந்தப் பிழை இருப்பதில்லை, புதிதாகவே உண்டாகிறது. பெண் பிள்ளையாகவே பிறக்கிறது என்று மருமகளைக் கரித்துக்கொட்டும் வீடுகளுக்கும் ஒரு வார்த்தை: ஆணா பெண்ணா என்பதைத் தீர்மானிப்பது தகப்பன் கொடுக்கும் குரோமோசோம்தான்.

இப்போது நம் ஊர் வழக்கத்துக்கு வருவோம். காரைக்கால், நாகூர், திருமலைராயன்பட்டினம் என்று இந்தக் கடற்கரையில் நாம் ஏன் சொந்தத்திலேயே முடிக்கிறோம்? காரணம் இல்லாமல் இல்லை. ஆண்கள் ஒரு காலத்தில் சைகோனுக்கும் சிங்கப்பூருக்கும் போனார்கள், பிறகு வளைகுடாவுக்கும் பிரான்சுக்கும். பெண் உம்மா வீட்டிலேயே இருப்பாள். வருடத்துக்கு ஒரு தடவை வருகிற மாப்பிள்ளை தெரிந்த வீட்டுப் பிள்ளையாக இருந்தால் மனம் நிம்மதியாக இருந்தது. நகையும் வீடும் வெளியே போகவில்லை. பெண்ணுக்கு ஒரு கஷ்டம் என்றால் கேட்க ஆள் இருந்தது. இதையெல்லாம் அறியாமை என்று தள்ளுகிறவர்களோடு நமக்கு உடன்பாடு இல்லை.

நம்மில் மட்டும் உள்ள வழக்கமும் இல்லை. ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 100க்கு 28 பெண்கள் சொந்தத்தில் மணம் முடித்தவர்கள். எல்லா மதத்தாரையும் சேர்த்த கணக்கு இது. இந்தியா முழுவதுக்கும் 11தான். 1970களின் தொடக்கத்தில் வேலூர் மருத்துவக் கல்லூரிக்காரர்கள் வடஆற்காட்டுக் கிராமங்களில் எடுத்தபோது பாதிக்குச் சற்றுக் குறைவாக இருந்தது. அக்கா மகளை மணப்பது நம் இந்து சகோதரர்கள் பலரிடம் உண்டு. நமக்கு அது ஹராம். அன்னிஸா சூராவின் 23ஆவது வசனம் சகோதரி மகளைத் தடுக்கிறது. அதனால் மாமா–மருமகள் உறவில் நான்கில் ஒரு பங்கு மரபணு பொது என்ற அந்த நெருக்கம் நம்மிடம் இல்லை. மாமி மகன், மாமா மகள் உறவில் எட்டில் ஒரு பங்கு பொது.

இதில் நமக்குள் ஒரு குழப்பம் இருக்கிறது. சாச்சா மகளைத் தங்கச்சி என்கிறோம். ஷரீஅத்தில் தடை இல்லாவிட்டாலும், நம் பக்கத்தில் அந்தச் சம்பந்தத்தைப் பெரும்பாலும் பேசுவதில்லை, “ஒரே ரத்தம்” என்கிறோம். மாமி மகளை மட்டும் முறைப்பெண் என்கிறோம், அது வேறு வீடு, வேறு ரத்தம் என்று நினைக்கிறோம். மரபணுவுக்கு நம் தமிழ் உறவுமுறை தெரியாது. சாச்சா மகளானாலும் மாமி மகளானாலும் அதே எட்டில் ஒரு பங்குதான். அது மட்டுமில்லை. உம்மா–வாப்பா சொந்தம், அவர்களுடைய உம்மா–வாப்பாவும் சொந்தம் என்று மூன்று தலைமுறையாகப் போகும்போது பங்கு கூடிக்கொண்டே போகும். ஆறேழு தெருக்களுக்குள்ளேயே காலங்காலமாகப் பெண் கொடுத்துப் பெண் எடுத்தால், சொந்தமில்லை என்று நினைக்கிற இருவருக்குள்ளும் பழைய சொந்தம் ஒளிந்திருக்கும். ஹைதராபாத் சி.சி.எம்.பி. ஆய்வாளர்களும் அமெரிக்க ஆய்வாளர்களும் சேர்ந்து 2017இல் வெளியிட்ட ஆய்வு, தெற்காசியாவின் 260க்கும் மேற்பட்ட சமூகங்களைப் பரிசோதித்து இதையே சொன்னது. சிறு கூட்டத்திலிருந்து பெருகித் தமக்குள்ளேயே மணம் முடிக்கும் சமூகங்கள் எல்லாச் சாதியிலும் மதத்திலும் இருக்கின்றன.

சரி, ஆபத்து எவ்வளவு? பயமுறுத்துகிற எண்ணும் சொல்கிறார்கள், ஒன்றுமே இல்லை என்றும் சொல்கிறார்கள். இங்கிலாந்தில் பிராட்ஃபோர்டு என்ற ஊரில், பாகிஸ்தானிலிருந்து குடியேறிய முஸ்லிம்கள் அதிகம் வாழும் இடத்தில், 11,000க்கும் மேற்பட்ட குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்து 2013இல் முடிவை வெளியிட்டார்கள். சொந்தமில்லாத பெற்றோரின் பிள்ளைகளில் பிறவிக் குறை 100க்கு 3 அளவில் இருந்தது. மாமா, சாச்சா பிள்ளைகளுக்குள் மணம் முடித்தவர்களிடம் 100க்கு 6. இரண்டு மடங்கு என்றும் சொல்லலாம், 94 பிள்ளைகளுக்கு ஒன்றுமில்லை என்றும் சொல்லலாம். இரண்டும் உண்மை. ஆனால் ஒரு வீட்டில் ஏற்கெனவே இந்த வகைக் குறையோடு ஒரு பிள்ளை பிறந்திருந்தால், அந்தத் தம்பதிக்கு இந்த 6 என்ற எண் பொருந்தாது. அவர்களுக்கு நான்கில் ஒன்று, அதாவது 25. இந்த வித்தியாசத்தைத்தான் நம் வீடுகளில் மறைக்கிறோம்.

சம்பந்தம் பேச வரும்போது வாய் பேசாத பிள்ளையை உள் அறையில் உட்கார வைக்கிறோம். “சின்னப் பிள்ளையில காய்ச்சல் வந்து அப்படி ஆச்சு” என்கிறோம். காய்ச்சலிலும் காது போவதுண்டு. மூளைக்காய்ச்சல், கர்ப்பத்தில் வரும் ருபெல்லா, பிறந்தவுடன் வரும் கடுமையான மஞ்சள் காமாலை எல்லாமே காரணமாகலாம். உண்மையிலேயே காய்ச்சலா, மரபணுவா என்று ஒரு தடவை பார்த்துத் தெரிந்துகொண்டால், தம்பி தங்கைகளுக்குப் பேசும்போது நிம்மதியாகவே பேசலாமே.

பிறவிக் காது கேளாமையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல விரும்புகிறோம். நம் பைத்துல்மாலுக்கு அதிகம் வருவது அந்த மனுக்கள்தான். மரபுவழி வரும் பிறவிக் காது கேளாமையில் பெரும்பகுதி, நன்றாகக் காது கேட்கும் பெற்றோருக்கே பிறக்கும் ஒடுங்கு வகை. கனெக்சின் 26 என்ற புரதத்துக்கான மரபணுவில் வரும் பிழைதான் அடிக்கடி காணப்படுவது. இந்தப் பிள்ளைகளில் பெரும்பாலோருக்குக் காதைத் தவிர வேறு குறை இல்லை. மூளை, அறிவு, தொண்டை எல்லாம் நலமே. சத்தம் போய்ச் சேராததால் பேச்சு வரவில்லை, அவ்வளவுதான். மரபணுவில் எழுதியிருப்பது காதைப் பற்றி மட்டும். பிள்ளை பேசுமா பேசாதா என்பது அங்கே எழுதப்படவில்லை. அது நாம் எவ்வளவு சீக்கிரம் கண்டுபிடிக்கிறோம் என்பதைப் பொறுத்தது. ஒரு மாதத்துக்குள் பரிசோதனை, மூன்று மாதத்துக்குள் உறுதி செய்வது, ஆறு மாதத்துக்குள் கருவியும் பயிற்சியும் என்பது மருத்துவர்கள் வைத்திருக்கும் கணக்கு. தூங்குகிற குழந்தையின் காதில் சிறு கருவியை வைத்துச் சில நிமிடங்களில் பார்க்கிற பரிசோதனை அது. வலி கிடையாது. கருவி போதாத பிள்ளைகளுக்குக் காக்ளியர் அறுவைச் சிகிச்சை இருக்கிறது. அதற்கு மத்திய அரசின் அடிப் திட்டத்தில் உதவி உண்டு. நாகை, மயிலாடுதுறைப் பக்கம் குடும்ப அட்டை உள்ள உறவுகளுக்குத் தமிழ்நாட்டு முதலமைச்சர் காப்பீட்டிலும் உண்டு. ஆனால் இவை எல்லாமே சிறு வயதுப் பிள்ளைகளுக்குத்தான். ஆறு வயதில் கூட்டிக்கொண்டு வந்தால் யாராலும் பெரிதாக ஒன்றும் செய்ய முடியாது. அந்த மாமியாரின் ஒரு சொல் தின்றது ஒரு முழு வருடத்தை.

பினைல்கீட்டோனூரியா என்று ஒரு நோய். பெயர் வாயில் நுழையாது, விட்டுவிடுங்கள். உணவில் உள்ள ஒரு புரதச் சத்தை உடம்பு கையாள முடியாமல் மூளை கெடும். பிறந்த சில நாட்களில் குதிகாலில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்துக் கண்டுபிடித்து, அந்தச் சத்தைக் குறைத்த உணவைக் கொடுத்தால் பிள்ளை மற்ற பிள்ளைகளைப் போல வளரும். மரபணு மாறவில்லை, ஆனால் நோய் வெளியே வராமல் நிற்கிறது. எனவே மரபணு என்றாலே தலையெழுத்து என்று நினைக்கக் கூடாது.

மார்க்கம் என்ன சொல்கிறது என்று பெண்கள் பகுதியிலிருந்து ஒரு சீட்டு வந்திருக்கிறது. அல்அஹ்ஸாப் சூராவின் 50ஆவது வசனத்தில் சாச்சா, மாமி, மாமா, பெரியம்மா பிள்ளைகள் ஹலால் என்று வருகிறது. ஃபாத்திமா ரலியல்லாஹு அன்ஹா அவர்களின் கணவர் அலீ ரலியல்லாஹு அன்ஹு அவர்கள் நபியவர்களின் பெரிய தந்தை மகன். ஆகவே தடை என்று சொல்ல யாருக்கும் உரிமையில்லை. ஆனால் ஆகுமானது வேறு, கடமை வேறு. அந்நியரை மணந்துகொள்ளுங்கள், பலவீனமாகிவிடாதீர்கள் என்ற கருத்தில் ஒரு வாசகத்தைச் சிலர் மேடையில் ஹதீஸ் என்று சொல்கிறார்கள். அதற்கு நம்பத்தக்க மூலம் இல்லை என்று ஹதீஸ் கலை அறிஞர்கள் சொல்லியிருக்கிறார்கள். அதை விட்டுவிடுவோம். இந்தக் கடற்கரையில் நம்மில் பலர் ஷாஃபிஈ மத்ஹபைச் சேர்ந்தவர்கள். இமாம் நவவி ரஹ்மத்துல்லாஹி அலைஹி அவர்களின் மின்ஹாஜில், நெருங்கிய உறவாக இல்லாத பெண்ணை முடிப்பது விரும்பத்தக்கது என்று இருக்கிறது. இமாம் கஸ்ஸாலி அவர்களும் இஹ்யாவில் அதையே சொல்கிறார்கள். மரபணு என்ற சொல்லே இல்லாத காலம் அது. நம் மத்ரஸாவில் ஓதுகிற கிதாபிலேயே இருப்பதை நாம் கல்யாணப் பேச்சில் எடுப்பதே இல்லை.

இனி செய்ய வேண்டியது. சம்பந்தம் பேசும் முன், ஒரு தாளில் மூன்று தலைமுறையை எழுதுங்கள். காரைக்காலில் இது கஷ்டமில்லை. பிரெஞ்சு குடியுரிமை உள்ள வீடுகளில் குடும்பப் பதிவுப் புத்தகமே இருக்கும். நேஷனாலிட்டிக்காகப் பாட்டனார் பெயர், பிறந்த தேதி எல்லாம் தேடி எடுத்து வைத்திருப்பீர்கள். அதே தாளில் காது கேளாதவர், பார்வை இல்லாதவர், வளர்ச்சி குன்றியவர், சிறு வயதில் மவுத்தானவர் யார் யார் என்று ஒரு குறி போடுங்கள். குறை உள்ள பிள்ளை ஒன்று இருந்தால், முதலில் அந்தப் பிள்ளைக்குத்தான் மரபணுப் பரிசோதனை. எந்தக் குறிப்பில் பிழை என்று அந்தப் பிள்ளையிடம் தெரிந்துவிட்டால், மற்றவர்களிடம் அது ஒன்றை மட்டும் தேடினால் போதும். அந்த ரிப்போர்ட்டை வீட்டுப் பத்திரம் மாதிரி பாதுகாத்து வையுங்கள். உங்கள் மச்சான் வீட்டுக்கும் அது உதவும்.

தலசீமியாவுக்கு ஒரு சாதாரண ரத்தப் பரிசோதனையில் தொடங்கலாம். சிவப்பணு அளவில் சிறியதாகத் தெரிந்தால் ஹீமோகுளோபின் வகை பார்க்கும் அடுத்த பரிசோதனை. இதில் ஒரு வேண்டுகோள். பெண்ணை மட்டும் பரிசோதிக்கச் சொல்லாதீர்கள். மாப்பிள்ளைக்கு முதலில் பாருங்கள். அவரிடம் இல்லையென்றால் பெண்ணிடம் கேட்கவே வேண்டியதில்லை. சுமப்பவர் என்று தெரிந்த பெண்ணுக்கு ஊரில் சம்பந்தம் நின்றுபோகும் என்ற பயம் நியாயமானது. நாம் அதை அலட்சியப்படுத்தவில்லை. நியூயார்க்கில் ஜோசஃப் எக்ஸ்டைன் என்ற யூத மதகுரு, டே-சாக்ஸ் நோயில் தம் பிள்ளைகள் நால்வரை இழந்தவர், 1983இல் ஓர் ஏற்பாடு செய்தார். பரிசோதனை முடிவை யாருக்கும் சொல்வதில்லை. ஒவ்வொருவருக்கும் ஓர் எண். சம்பந்தம் பேசும்போது இரண்டு எண்ணையும் கொடுத்தால், பொருந்தும் அல்லது பொருந்தாது என்று மட்டும் பதில் வரும். யார் என்ன சுமக்கிறார் என்ற பேச்சே ஊரில் எழாது. நம் ஜமாஅத்துகளும் யோசிக்க வேண்டிய வழி இது.

நிக்காஹ் பதிவுக்குச் சான்றிதழைக் கட்டாயமாக்கலாமே என்று சிலர் கேட்கிறார்கள். சவூதியில் 2004இலிருந்து கட்டாயம். முடிவு மட்டும் தம்பதியின் கையில். முதல் வருடம், ஆபத்து உண்டு என்று தெரிந்த ஜோடிகளில் பத்தில் ஒன்றுகூடச் சம்பந்தத்தை நிறுத்தவில்லை. 2009இல் பாதிக்குச் சற்று மேல் நிறுத்தினார்கள். மண்டபம் பேசி, பத்திரிகை அடித்து, மாப்பிள்ளை ஃபிளைட் டிக்கெட் போட்ட பிறகு வரும் ரிப்போர்ட்டை யார்தான் பார்ப்பார்கள்? அதனால் கட்டாயம் என்பதில் நமக்கு ஆர்வமில்லை. பேச்சு முடிவாகும் முன்பே, முடிந்தால் கல்லூரியில் படிக்கும்போதே பார்த்துக்கொள்வது நல்லது. ஏற்கெனவே முடித்தவர்கள் பயப்பட வேண்டாம். கர்ப்பத்துக்கு முன் ஒரு தடவை மரபணு ஆலோசனைக்குப் போங்கள். கர்ப்பத்தில் ஏதும் தெரிந்தால் என்ன செய்வது என்பது டாக்டரோடும் ஆலிமோடும் சேர்ந்து முடிவெடுக்க வேண்டிய விஷயம். அதற்கு நாள் கெடு உண்டு, தள்ளிப் போடாதீர்கள்.

தலசீமியா, ஹீமோஃபிலியா, காது கேளாமை எல்லாம் 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 21 வகைகளில் அடங்கும். அட்டை எடுக்காத வீடுகள் நம் மஹல்லாவிலேயே இருக்கின்றன. விண்ணப்பத்தை நிரப்பித் தர நம் தம்பிகள் வெளியே மேசை போட்டு உட்கார்ந்திருக்கிறார்கள்.

அந்தப் பிள்ளைக்குக் கருவி வாங்கிக் கொடுத்தாயிற்று, அல்ஹம்துலில்லாஹ். பயிற்சிக்கு வாரம் இரண்டு நாள் கூட்டிக்கொண்டு போவது மாமியார்தான். உம்மாவின் பெயரைக் கூப்பிடப் பழகியிருக்கிறது.

மக்ரிப் பாங்குக்கு இன்னும் இருபது நிமிடம் இருக்கிறது. சீட்டில் எழுதிக் கொடுத்தவர்களின் கேள்விகளை இப்போது எடுத்துக்கொள்வோம். பெயர் எழுத வேண்டாம்.